ரூஸ்ட் கார்டிலிருந்து மெத்தைக் கவசத்துக்கு: ஒரு விலா எலும்பின் அனுபவம்

என்னுடைய முதல் மார்புக் கவசம் மார்புக் கவசமே இல்லை என்பது கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே லாரி போகும் மண் பாதைகள் உண்டு. தெரிந்தவர் தோட்டம் என்பதால் ஞாயிறு காலை என் டிஆர் 650 மோட்டார் சைக்கிளை அங்கேதான் ஓட்டுவேன். ஒரு டிசம்பரில், அறுவடை முடிகிற நேரம், முன்சக்கரம் லாரித் தடத்துக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. வேகம் இருபதுகூட இருக்காது. ஹேண்டில்பார் வெட்டித் திரும்பி, அதன் முனை இடது விலாவில் இடிக்க, கரும்புக் கட்டைகள் மேல் கவிழ்ந்தேன். கட்டைகள் பூட்ஸைக் கீறியதோடு சரி. விலா எலும்பில் மயிரிழை விரிசல். தும்மல் வந்தாலே பயமாக இருக்கும். அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். ஒரு செம்புப் பாலோடு முருகனிடம் சமாதானம் பேசிக்கொண்டேன்.

அன்று போட்டிருந்தது ரூஸ்ட் கார்டு. கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே பேருக்குக் கொஞ்சம் ஸ்பாஞ்ச். முன்னால் போகிற வண்டியின் பின்சக்கரம் வாரி இறைக்கும் கல்லைத் தடுக்கத்தான் அது. அதற்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 14021. கல்லடிக்கு நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எண்பது கிலோ உடம்பு ஒரு குழாய் முனையில் போய் விழுந்தால், அந்த அடியை வாங்கித் தணிக்க உள்ளே ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது ஓட்டின் கீழ் விளிம்பு என் மேல் நீலக் கோடாகப் பதிந்திருந்தது.

இடி தாங்கும் மார்புக் கவசத்துக்குத் தரம் வேறு: ஈஎன் 1621-3. இதில் இரண்டு நிலைகள், லெவல் 2 தான் உயர்ந்தது. அடியின் வேகத்தைத் தணிக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அதை அகலமாகப் பரப்பிவிடுகிறதா என்றும் சோதிக்கிறார்கள். கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். 1621-1 என்றால் தோள், முழங்கை, முழங்கால் போன்றவற்றுக்கு, 1621-2 முதுகுக்கு.

இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனதால் தப்பித்தேன். விற்பவர் ஒரு முழுக்கைக் கவசச் சட்டையை நீட்டி, ‘சிஇ முத்திரை இருக்கிறது’ என்றார், ஐரோப்பியத் தரத்துக்கு ஏற்றது என்பதற்கான குறி. இருந்தது, முழங்கைப் பட்டையில். முதுகிலும் ஒன்று. நெஞ்சில் இருந்த வழவழப்பான கறுப்புத் தகட்டைப் பிரித்துப் பார்த்தால் எந்த எண்ணும் இல்லை. கேட்டதற்கு, ‘எல்லாம் ஒரே செட் தானே’ என்றார். முத்திரை சட்டைக்கு இல்லை, அந்தந்தத் துண்டுக்குத்தான். கையை உள்ளே விட்டுத் துண்டை உருவிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

கடைசியில் வேறோர் இடத்தில் வாங்கியது கையில்லாத மெத்தை வகை. நெஞ்சு, முதுகு இரண்டும் லெவல் 2. சும்மா இருக்கையில் களிமண் போல வளையும், அடி பட்டால் இறுகும். வாங்கும்போது என்னுடன் வந்த டோங்காட் அண்ணன் (இங்கேயே பிறந்தவர், அவருடைய தமிழ் ‘அண்ணா, தம்பி, ரசம்’ வரைதான்) என்னைக் கடை வாசலில் நின்ற வண்டியில் ஏற்றி, கால் வைக்கும் ஃபுட்பெக்கில் நிற்கச் சொன்னார். ‘நௌ சிட், தம்பி.’ உட்கார்ந்ததும் கவசம் மேலேறித் தாடையில் முட்டியது. ஒரு சைஸ் குறைத்தோம். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்திருந்தால் பெரியதையே வாங்கியிருப்பேன். தண்ணீர்ப் பையையும் மாட்டிப் பார்த்தது நல்லதாயிற்று, அதன் பட்டை தோள் விளிம்பை நெரித்தது. விழும்போது கழுத்தைக் காக்கும் பிரேஸ் போடுகிறவர்கள் அதையும் எடுத்துப் போக வேண்டும். அதை உலகத்துக்குக் கொடுத்த டாக்டர் கிறிஸ் லியட் கேப் டவுன்காரர் என்பதில் இங்குள்ளவர்களுக்குக் கொஞ்சம் பெருமை.

இரண்டரை வருடம் ஆகிறது. பெரிய தொல்லை வெக்கைதான். பிப்ரவரியில் டர்பன் புழுக்கத்தில் இது ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்ட மாதிரி. பழைய ஓட்டுக்குள் காற்றாவது போகும். வண்டி ஓடும்வரை சமாளிக்கலாம், நின்றால் செத்தோம். ஆறரைக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்வது என் வழக்கம். நிறுத்தும்போதெல்லாம் ஸிப்பை இறக்கிவிடுவேன். கழற்றிவிட்டு ஓட்டலாம் என்ற ஆசை இரண்டு முறை வந்தது. விலா ஞாபகப்படுத்தியது.

குளிரில் கதை தலைகீழ். ஜூலையில் சானி கணவாய் ஏறினோம். உச்சி 2,876 மீட்டர், லெசோத்தோ எல்லை. இரவு முழுக்க பக்கியின் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) பின்னால் கிடந்த கவசம் காலையில் பலகை போல விறைத்திருந்தது. உடம்புச் சூட்டில் இளக அரை மணி ஆனது. இப்போது இரவில் அறைக்குள் எடுத்து வந்துவிடுகிறேன். வெயிலுக்கும் குளிருக்கும் தனியாகச் சோதித்தவற்றில் டி பிளஸ், டி மைனஸ் என்று குறித்திருப்பார்கள். நான் கவனிக்காமல் வாங்கிவிட்டேன்.

அன்று இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் சரளை வழுக்கி, மறுபடியும் ஹேண்டில்பார் மேல் நெஞ்சு மோத விழுந்தேன். எழுந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன், வந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். இரண்டு விழுதலும் ஒன்றல்ல, அதனால் எல்லாப் புகழும் கவசத்துக்கே என்று சொல்ல மாட்டேன். நெஞ்சுத் துண்டை மட்டும் உருவி, மடக்கிப் பார்த்து, வெடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகே திரும்பப் போட்டேன்.

துவைப்பது சுலபம். துண்டுகளை உருவிவிட்டு உறையைக் கையால் அலசி நிழலில் காயப்போடுவேன். துண்டுகளுக்கு ஈரத்துணி போதும். மூன்று சவாரிக்கு மேல் தள்ளிப்போட்டால் வீட்டில் கவசத்தோடு என்னையும் வெளியே வைத்துவிடுவார்கள். தையல் இன்னும் விடவில்லை. ஸிப்பின் இழுப்பு மட்டும் போன மாதம் உடைந்தது. டோங்காட் அண்ணன் தூண்டில் நரம்பில் ஒரு வளையம் முடிந்து கொடுத்தார். கையுறையோடு பிடித்து இழுக்க அது பழையதைவிட வசதி.