ஒளிரும் வேல் செய்ய எந்த ஸ்ட்ரிங் லைட் வாங்கலாம்?

மாறுவேடப் போட்டியில் முருகன் வேடம் போடும் பிள்ளைக்கு ஒளிரும் வேல் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது காப்பர் ஒயர் ஸ்ட்ரிங் லைட். மெல்லிய செம்புக் கம்பியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குட்டி எல்.இ.டி. வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுப் பசை விட்டு மூடியிருப்பார்கள். 2 மீட்டர், 20 பல்பு என்பது சிறிய அளவு. வேலுக்கு அதுவே போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஊர்ப்பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்களிலும் கம்பெனிப் பெயரே இல்லாமல் விற்கிறது. வளைத்த பக்கமெல்லாம் வளையும், கையைச் சுடாது, எடையே தெரியாது. சரத்தில் பெரிய குறை இல்லை. குறையெல்லாம் அதன் பேட்டரி டப்பாவில்தான்.

ஒரே சரம் இரண்டு வகை டப்பாவோடு வருகிறது. பட்டன் செல் இரண்டு போடும் குட்டி டப்பா பார்க்க அழகாக இருக்கும், ஒளித்து வைக்கவும் சுலபம். ஆனாலும் பிள்ளைகளின் பொருளுக்கு அதை வாங்கவே வேண்டாம். அதில் போடும் சிஆர் 2032 செல் சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுக்கச் செய்தது. 20 பல்பை ஒன்றாக இழுத்தால் வெளிச்சம் சீக்கிரமே மங்கத் தொடங்கும். ஒப்பனை அறையில் போட்டுப் பார்த்து, வரிசையில் நிற்கும்போது போட்டுப் பார்த்து, மேடை ஏறும்போது பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய காரணம், பல டப்பாக்களில் மூடிக்கு ஸ்க்ரூ கிடையாது. நகத்தால் தள்ளினாலே திறந்துகொள்ளும். விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே கடுமையாக வெந்துவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

வாங்க வேண்டியது மூன்று பென்சில் பேட்டரி போடும் டப்பா. அல்கலைன் பேட்டரி போட்டால் ஒத்திகை, போட்டி, பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் தாங்கும். சார்ஜ் செய்யும் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், மூன்று சேர்ந்தாலும் 3.6 வோல்ட். வெள்ளை எல்.இ.டி. எரியவே 3 வோல்ட் பக்கம் தேவை என்பதால் வெளிச்சம் சோகையாக இருக்கும். பவர் பேங்க்கும் இதற்குச் சரிப்படாது. சரம் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், எதுவும் செருகவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் தாமாக அணைந்துவிடும்.

கடையிலேயே பேட்டரி போட்டு எரியவிட்டுப் பாருங்கள். டப்பாவிலிருந்து ஒயர் வெளிவரும் இடத்தை மெல்ல அசைத்தால் விளக்கு சிமிட்டுகிறதா? அப்படியென்றால் அந்தப் பற்றவைப்பு (சால்டரிங்) விட்டுப்போகப் போகிறது, வேறு எடுங்கள். தள்ளும் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அழுத்தும் பட்டன் என்றால் பிள்ளை மேடையில் இன்னொரு தடவை அழுத்தி, சீராக எரிந்ததை மினுக்க வைத்துவிடும். நிறத்தில் வார்ம் ஒயிட், அதாவது லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. தங்கநிறத் தாளுக்குப் பக்கத்தில் தூய வெள்ளை வெளிறித் தெரியும்.

இனி வேல். பள்ளிப் போட்டி பெரும்பாலும் பகலில், ட்யூப் லைட் எரியும் ஹாலில் நடக்கும். வேலின் மேல் சரத்தைச் சுற்றிவிட்டால் அந்த வெளிச்சத்தில் எரிவதே தெரியாது. விளக்கு உள்ளே இருக்க வேண்டும், முன்னால் பட்டர் பேப்பர், சுற்றிலும் வெளிச்சம் புகாத கரை. 5 மில்லிமீட்டர் சன்போர்டில் (எடை குறைந்த பிளாஸ்டிக் ஃபோம் அட்டை) 30 சென்டிமீட்டர் உயரம், 15 அகலத்தில் இலை வடிவம் இரண்டு வெட்டுங்கள். முன்தகட்டில் ஓரமாக 2 சென்டிமீட்டர் விட்டு நடுவை வெட்டி எடுத்து, உள்பக்கம் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர் உயரச் சுவர் வேண்டும். இந்த இடைவெளியில் கஞ்சத்தனம் பார்த்தால் பல்புகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். 3 சென்டிமீட்டர் விட்டால் இலை முழுக்க ஒரே ஒளியாகப் பரவும். பின்தகட்டில் வெள்ளைச் சார்ட் ஒட்டி, அதன் மேல் சரத்தை ஓரமாக ஒரு சுற்று, மீதியை நடுவில் வளைத்து வளைத்து செல்லோ டேப்பால் பதியுங்கள்.

வெளிச்சம் கூடும் என்று உள்ளே அலுமினியம் ஃபாயில் ஒட்டுகிறவர்கள் உண்டு. செம்புக் கம்பியின் மேல் இருப்பது மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே. அது எங்காவது உரசிப்போனால் ஃபாயில் வழியாக ஷார்ட் ஆகிச் சரம் முழுவதும் அணைந்துவிடும். ஜிகினாத் தாள் வெளிப்புறத்தோடு நிற்கட்டும். சன்போர்டுக்குப் பதிலாகத் தெர்மாகோல் எடுத்தால் வெள்ளைப் பெவிகால் மட்டும் போடுங்கள். ரப்பர் பசை அதைக் கரைத்துவிடும், சூடான க்ளூ கன் உருக்கிக் குழியாக்கிவிடும்.

காம்புக்கு 20 மில்லிமீட்டர் எலெக்ட்ரிக்கல் பைப், ஒரு மீட்டருக்குள். டப்பாவை வேலின் தலையில் கட்டினால் வேல் முன்னால் சாய்ந்து பிள்ளையின் மணிக்கட்டு வலிக்கும். பிடிக்குக் கீழே கட்டுங்கள். டப்பாவிலிருந்து முதல் பல்பு வரையுள்ள ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது, வெட்டி நீட்டத்தான் வேண்டும். வெட்டுவதற்கு முன்பே பிளஸ் கம்பியில் மார்க்கர் அடையாளம் வையுங்கள். மாற்றி இணைத்தால் எரியாது. பலர் தடுக்கி விழுவது அடுத்த வேலையில்தான்: செம்பு வெறும் கம்பி போலத் தெரிவதால் அப்படியே முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். வார்னிஷ் இருக்கும்வரை மின்சாரம் போகாது. நுனியில் ஒரு சென்டிமீட்டரை உப்புத்தாளால் தேய்த்து, நிறம் மாறிப் பளபளப்பானதும் இணைத்துப் பற்றவையுங்கள். இரண்டு இணைப்பும் நேருக்கு நேர் வராமல் ஒன்றைச் சற்று மேலே, ஒன்றைக் கீழே வைத்தால் தொட்டுக்கொள்ளாது. டப்பாவுக்குள் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் குட்டி ரெசிஸ்டர்தான் பல்புகளைக் காப்பாற்றுகிறது. அதனால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரியை நேராக இணைக்காதீர்கள்.

வேலின் பின்தகட்டை மட்டும் ஒட்டாமல் டேப் போட்டு மூடுங்கள். உள்ளே ஏதாவது விட்டுப்போனால் திறந்து பார்க்கலாம். சரம் வாங்கும்போதே இரண்டாக வாங்கி, இரண்டாவதையும் ஒயர் நீட்டித் தயாராகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கம்பி ஒரே இடத்தில் நாலைந்து தடவை மடங்கினால் உள்ளுக்குள் அறுந்துவிடும், அறுந்த இடத்தைப் போட்டி நாள் காலையில் கண்டுபிடிக்க நேரம் இருக்காது.