மருந்தை விற்காமல் எங்களைக் காத்த மருந்தகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் மருந்தகத்தைப் பற்றி எழுத எனக்குத் தனிக் காரணம் உண்டு. என் மனைவிக்கு அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்பிரியா என்னும் அரிய வளர்சிதை மாற்றக் கோளாறு இருக்கிறது. சில மருந்துகளைச் சிதைக்கக் கல்லீரலுக்குக் கூடுதலாக ஹீம் (இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் இரும்புச் சேர்மம்) தேவைப்படும். அதை உருவாக்கும் நொதிகளுள் ஒன்று இவருக்குப் பாதியளவே வேலை செய்வதால், அரைகுறையாக நின்றுபோன மூலப்பொருள்கள் உடலில் தேங்கி, கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்துவிடும்.

சென்ற ஆண்டு சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு கிளினிக்கில், நோயின் பெயரைச் சொல்லியும், சல்ஃபா வகை மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் தேநீர்ச் சாயம்போல் கறுத்தது. மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றி ஐந்து நாள் வைத்திருந்தார்கள்.

இந்த மருந்தகத்தில் நடந்ததோ வேறு. வேறொரு கிளினிக் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டியதும், மருந்தாளராக இருக்கும் இளம்பெண், "கொஞ்சம் பொறுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, நார்வே நாட்டவர் நடத்தும் போர்பிரியா மருந்துத் தரவுத்தளத்தைக் கணினியில் திறந்து, சீட்டில் இருந்த ஒவ்வொரு பெயரையும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கிளினிக்கிற்குத் தாமே தொலைபேசியில் பேசி, பெனிசிலின் வகை மருந்தாக மாற்ற வைத்தார். வலிக்குப் பாரசிட்டமால் போதும் என்றார். வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எனத் தவிர்க்க வேண்டியவற்றின் பெயர்களைச் சிறிய அட்டையில் எழுதி, பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நாட்டு மருந்துப் புட்டியில் எம்.ஏ.எல். எனத் தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணின் கடைசியில் 'டி' என்ற எழுத்து இருந்தால் அது பதிவு பெற்ற பாரம்பரிய மருந்து என்று மட்டுமே பொருள், இந்த நோய்க்கு ஆகும் என்று பொருளல்ல என்பதையும் அவர்தான் விளக்கினார். தைப்பூச விரதத்தைப் பற்றியும் கேட்டார். பட்டினியும் இந்த நோயைத் தூண்டிவிடும் என்பது அதுவரை எங்களுக்கு உறைக்கவில்லை.

குறையும் உண்டு. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் முகப்பில் நிற்பவர் இருமல் மருந்தைக்கூட எதுவும் கேட்காமல் எடுத்து நீட்டுகிறார். இடமும் குறுகலானது, நம் நோயைப் பற்றிப் பேசுவது பின்னால் நிற்பவர் காதில் விழும். ஆகவே நாங்கள் முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, மருந்தாளர் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்ட பிறகே தோட்டத்திலிருந்து கிளம்புகிறோம்.