பணமா, சாவியா? பேரிடருக்குப் பின் வீடு கட்டும் இரண்டு வழிகள்

புயலிலோ வெள்ளத்திலோ வீடு போனவருக்கு மறுபடி வீடு கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான். ஒன்று, தொண்டு நிறுவனமோ அரசோ ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டி முடித்து, விழா நடத்திச் சாவியைக் கையில் கொடுப்பது. இன்னொன்று, பணத்தைத் தவணையாக வங்கிக் கணக்கில் போட்டு, கட்டும் வேலையை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சீயர் வந்து பார்ப்பது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம் பக்கத்தில் இருந்த எங்கள் மண்சுவர் வீடு தரையோடு போனது. நாங்கள் தவணைப் பணத்துக்குப் போனோம். அதே தெருவில் சித்தப்பா சாவிக்குப் போனார். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வேகத்தில் சாவி முந்தியது. சித்தப்பா வீட்டில் பால் காய்ச்சியபோது எங்களுக்குக் கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல்கூட எழும்பவில்லை. வட்டார வளர்ச்சி அலுவலகமான பி.டி.ஓ. ஆபீஸ் அலைச்சலும் அவருக்கு இல்லை. பணத்தில் எங்களுக்குத்தான் இடி. மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் அடிப்படைத் தொகை 1.20 லட்சம், கான்கிரீட் கூரைத் தளத்துக்கென்று மாநில அரசு அப்போது சேர்த்தது 50 ஆயிரம். புயலுக்குப் பிறகு செங்கல் விலையும் கொத்தனார் கூலியும் ஏறிக் கிடந்த ஊரில் அதை வைத்துத் தளம் வரை போகவே மூச்சு முட்டும். பேஸ்மட்டம் முடிந்தால்தான் முதல் தவணை வரும் என்பதால் ஆரம்பக் காசு கையிலிருந்து போக வேண்டும். நகை அடகுக்குப் போனது. பதிலுக்கு வாசலில் திண்ணை, கொல்லையில் அடுப்படி, மிச்சமிருந்த ஒரு தென்னையை வெட்டாமல் சுவரை ஒதுக்கிக் கட்டும் உரிமை எல்லாம் எங்கள் பக்கம்.

இந்தப் போட்டி எங்கள் தெருவில் தொடங்கியதல்ல. 1993-ல் லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிர அரசு, மிக மோசமாக இடிந்த ஊர்களை வேறிடத்துக்கு மாற்றி, ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு புது ஊர்களையே எழுப்பியது. கட்டம் போட்டு நீட்டிய அகலத் தெருக்களில் பழைய அக்கம்பக்கம் கலைந்து போனது. சேதம் குறைவான ஊர்களில் அவரவர் வீட்டை அவரவரே சரிசெய்யப் பணம் தரப்பட்டது. 2001 ஜனவரி 26-ல் கட்ச் குலுங்கியபோது, ஊரை மாற்றலாம் என்ற யோசனையைப் பெரும்பாலான கிராமங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. குஜராத் அரசும் பணத்தைத் தவணையாக வீட்டுக்காரர்களிடம் கொடுத்தது. அதோடு நிற்காமல் சலுகை விலையில் சிமெண்ட், கொத்தனார்களுக்கு நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானப் பயிற்சி, தவணைக்கு முன் பொறியாளர் சோதனை என்று சேர்த்துச் செய்தது. அந்த வழி அங்கே எடுபட்டதற்குப் பாதிக் காரணம் இந்தச் சேர்மானம் என்பது என் கணிப்பு. பணத்தை மட்டும் வீசிவிட்டுப் போயிருந்தால் பழைய தப்பான சுவரே மறுபடி எழும்பியிருக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாடு எடுத்தது பெரும்பாலும் சாவி வழி. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீட்டுக்கு உதவி கிடையாது என்றார்கள். தள்ளிப்போகச் சம்மதித்தால் தொண்டு நிறுவனங்கள் கட்டும் வீடு. பட்டாவைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் தந்தது நல்ல காரியம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. இலங்கையில் ஒரே அலைக்கு இரண்டு வழிகளும் நடந்தன. கடலோரத்தில் வீடு கட்டக்கூடாது என்று ஒதுக்கிய தடைவலயத்துக்குள் இருந்தவர்களுக்குக் கொடையாளர் கட்டிய வீடு. அதற்கு வெளியே முழுதாக இடிந்த வீட்டுக்கு இரண்டரை லட்சம் இலங்கை ரூபாய், தவணையாக.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகமோ திண்ணையோ அல்ல, பராமரிப்பு. குறிப்பாகத் தளத்துக்குள் கிடக்கும் கம்பி.

எங்கள் ஊர்க் காற்று உப்பளக் காற்று, போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் உவர். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு ஆரம்பம். துருவேறிய இரும்பு முன்பிருந்ததைவிட அதிக இடம் கேட்கும். கிடைக்காதபோது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். முதலில் கம்பி போகிற வழியில் கோடாக விரிசல் விடும், அப்புறம் படுத்திருப்பவர் மேல் காரை பெயர்ந்து விழும். நாகைக் கடலோரச் சுனாமிக் குடியிருப்புகளில் இப்படித் தளத்தில் கம்பி தெரிகிற வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் நான் முடிவெடுத்தேன். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், கேட்கிறது. சின்ன வீடுகளில் ஜல்லித் துண்டை அண்டக் கொடுத்துவிட்டுத் தளம் போடுவதுதான் வழக்கம், அதில் பாதிகூடத் தேறாது.

நாங்கள் மட்டும் 45 வைத்தோமா என்றால் இல்லை. அந்த அளவுக்கு வைத்தால் தளத்தின் கனமும் கம்பிக் கணக்கும் மாறும், செலவு எகிறும் என்றார் ஓவர்சீயர். சிமெண்டில் கவர் கட்டைகளை முன்கூட்டியே வார்த்துக் காயவைத்து 25-ஐ விடாமல் பிடித்தோம். கலவைக்கும் தளத்தை நனைப்பதற்கும் லாரியில் நல்ல தண்ணீர் இறக்கினோம். கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி கட்டியதை மூலைக்கு மூலை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மேஸ்திரி அடுத்த ஊர்க்காரர். சன்ஷேடில் விரிசல் தெரிந்தபோது சைக்கிளில் வந்து பார்த்து, எந்தக் கம்பி மேலே ஏறியிருக்கும் என்று தட்டிப் பார்க்காமலே சொல்லி, அன்றைக்கே செதுக்கிப் பூசிவிட்டார்.

சித்தப்பா வீட்டு அடுக்களைத் தளத்திலும் கோடு விழுந்தது. யாரிடம் போவது? கட்டிக் கொடுத்த நிறுவனத்தின் திட்டக் காலம் முடிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் வேறு மாவட்டத்தில். ஊராட்சியில் கேட்டால் அது நாங்கள் கட்டிய வீடு இல்லையே என்கிறார்கள். வரைபடம் அவரிடம் கிடையாது, கம்பி எட்டு மில்லிமீட்டரா பத்தா என்று சொல்ல ஆளில்லை. கூப்பிட்ட கொத்தனாரும் கைவைக்கத் தயங்கி மேலாகப் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு அதே கோடு. "பட்டா என் பேர்லதாண்டா இருக்கு, ஆனா உள்ள என்னத்த வச்சுக் கட்டுனான்னு எனக்கே தெரியாது" என்பார். சித்தப்பா வீடு மோசமான வீடு என்று இதற்கு அர்த்தமில்லை. பூச்சு எங்களுடையதைவிட அவருடையதுதான் வழுவழுவென்று இருக்கும். வீட்டில் ஒன்று வந்தால் கூப்பிட ஆள் இல்லாததுதான் அவருடைய பிரச்சினை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தளத்துக்கு இன்னும் வயதாகவில்லை. துரு தன் வேலையைக் காட்ட ஆண்டுகள் பிடிக்கும், அதனால் 25 மில்லிமீட்டர் போதுமா என்று இப்போது அடித்துச் சொல்ல மாட்டேன். தவணை வாங்கிய எல்லோரும் நன்றாகக் கட்டினார்கள் என்றும் இல்லை. திட்டம் கேட்பது 25 சதுர மீட்டர். அதை இரட்டிப்பாக்க ஆசைப்பட்டுக் கடனில் விழுந்து, இன்னும் பூசாத செங்கல் சுவரோடு குடியிருப்பவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அடுக்குமாடி மறுகுடியமர்வு பற்றி எனக்கு அனுபவமே கிடையாது. அங்கே தனி ஆளாகக் கட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பணவழி சுத்தமாக உதவாத இடங்களும் இருக்கின்றன. பட்டா இல்லாதவருக்கு, புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவருக்கு, தனியாக இருக்கும் வயதானவருக்குத் தவணை வெறும் காகிதம்தான். மணல் இறக்கவும் சித்தாளை வேலை வாங்கவும் வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு கேரள அரசு, கல்பற்றாவில் அமையும் குடியிருப்பில் வீடு அல்லது 15 லட்சம் ரூபாய் என்று தேர்வைக் குடும்பங்களிடமே விட்டது. நிலமே காணாமல் போன இடத்தில் அந்தத் தொகைக்கு மனை வாங்கிக் கட்டவும் முடியுமா என்பது வேறு கணக்கு. ஆனாலும் அவரவர் நிலைமை பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்களுக்கும் பட்டா இல்லாமல் போயிருந்தால் நானும் சாவிக்குத்தான் கை நீட்டியிருப்பேன். ஆனால் விழா மேடை ஏறுவதற்கு முன் இரண்டைக் கேட்டு வாங்கியிருப்பேன்: தளம் போடுவதற்கு முந்தின நாள் கம்பி கட்டியிருந்த படம், அதைக் கட்டிய மேஸ்திரியின் போன் நம்பர்.