சென்சாரை உடம்பில் கட்டுவதா, வண்டியில் பொருத்துவதா?

1998 நாகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் லூஜ் (பனிப்பாதையில் சிறு வண்டியில் மல்லாந்து படுத்துச் சறுக்கும் பந்தயம்) தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது வெறும் 0.002 நொடி. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் பார்த்தால் ஏழு சென்டிமீட்டர்கூட வராது. பாதையோர ஒளிக்கதிர் கடிகாரம் இதைத் துல்லியமாகச் சொல்லிவிடும், ஆனால் அந்த நேரம் ஏன் போனது என்று சொல்லாது. அதற்குத்தான் முடுக்கத்தையும் திரும்பலையும் அளக்கும் அசைவு சென்சார். அதை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு கட்சி.

என் ஓட்டு, ஸ்கெலிட்டன் (தலை முன்னே இருக்கக் குப்புறப் படுத்துச் சறுக்கும் பந்தயம்) மாதிரி ஓடித் தள்ளி ஏறும் விளையாட்டுகளில், முதலில் உடம்புக்குத்தான். குனிந்தபடியே முழு வேகத்தில் ஓடும் அந்த ஐந்தாறு நொடியில் வண்டியில் உள்ள சென்சாருக்குத் தெரிவது வண்டி முன்னே போவது மட்டுமே. கெண்டைக்காலில் ஒன்றைக் கட்டினால் ஒவ்வொரு அடியும் வரைபடத்தில் தனித்தனிக் கூர்முனையாக எழும். எத்தனை அடி, எந்தக் கால் பனியில் கூடுதல் நேரம் நிற்கிறது, படுக்கும் முன் கடைசி அடி தயங்கியதா, எல்லாம் கண்ணெதிரே இருக்கும். இதைவிட நல்ல பாடம் ஒரு பயிற்சியாளருக்கு வேறு என்ன வேண்டும்?

சரி, படுத்த பிறகு? அங்கே வண்டி சென்சார்தான் மேல். வளைவுகளில் நான்கைந்து ஜி விசை (உடல் எடையைப் போல நான்கைந்து மடங்கு) அழுத்தும்போது தசை அதிரும், பட்டை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த நடுக்கமெல்லாம் தரவில் கலந்துவிடும். வண்டிச் சட்டத்தில் இறுக்கமாகத் திருகிய சென்சாரில் இந்தத் தொல்லை இல்லை, சுவரில் உரசியது உடனே தெரியும். இன்னொன்று, ஸ்கெலிட்டனில் குப்புறப் படுப்பதால் உடம்பு சென்சாரை இடுப்புக்குப் பின்னால் வைக்கலாம். லூஜில் மல்லாந்து படுப்பவருக்கு அதே இடத்தில் வைத்தால் முதுகில் குத்தும்.

எங்கே வைத்தாலும் முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டி வேகம் கணக்கிடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சென்சாரில் 0.1 மீ/நொடி² அளவுக்குப் பிழை இருந்தால், ஐந்து நொடித் தள்ளலில் அது அரை மீட்டர்/நொடிதான். ஐம்பது நொடி ஓட்டத்தின் முடிவில் 5 மீட்டர்/நொடி, அதாவது மணிக்கு 18 கி.மீ. தப்பு! அதனால் இடையிடையே ஒளிக்கதிர் கடிகாரத்தின் நேரத்தை வைத்துத் திருத்தியே ஆக வேண்டும். ஜிபிஎஸ் போதாதா என்றால், பாதைக்கு மேலுள்ள கூரை சிக்னலை மறைக்கும், நொடிக்குப் பத்து முறை பதியும் கருவி இரண்டு பதிவுகளுக்கு நடுவே மூன்று மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். திசை காட்டும் காந்தமானியையும் நம்ப வேண்டாம், சுற்றிலும் எஃகு.

ஒரே ஒரு சென்சார்தான் கிடைக்கும் என்றால் ஸ்கெலிட்டன்காரர் காலில் கட்டட்டும், லூஜ்காரர் வண்டியில் திருகட்டும். இரண்டு கிடைத்தால் ஒன்று வண்டியில், இன்னொன்று ஹெல்மெட்டில். இரண்டு நேரக்கோடுகளையும் பொருத்திப் பார்த்தால், வளைவில் வண்டி திரும்பும் முன்பே தலை ஆடியதா, பிறகு ஆடியதா என்று தெரியும். அதிர்வில் எவ்வளவு தலைக்குப் போய்ச் சேர்கிறது என்பதும் கையோடு கிடைக்கும். இந்த விளையாட்டில் தலைவலியோடும் மூளைக் கலக்கத்தோடும் எழுந்து வருபவர்கள் இருக்கும்போது, வேகத்தைவிட நான் முதலில் தேடுவது இந்தக் கணக்கைத்தான்.