ஆழ்கடல் கப்பல் கண்காட்சி: போய்ப் பாருங்கள், ஆனால் ஒரு குறை

மூழ்கிய கப்பல்களை ஆழ்கடலில் எப்படித் தேடுகிறார்கள் என்று காட்டும் கண்காட்சி நாகர்கோவிலில் நடக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாராளமாகப் போகலாம்.

டைட்டானிக் பகுதி அருமை. 1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பல்லார்டும் ழான்-லூயி மிஷேலும் நடத்திய தேடலில், சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கேமராவுக்கு முதலில் அடையாளம் தெரிந்தது ஒரு கொதிகலன்தான். கப்பலை விட்டுவிட்டு அது சிந்திய பொருட்களின் தடத்தைத் தேடிய யோசனையைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே இரண்டு தெர்மாகோல் கப். ஒன்று சாதாரணம், மற்றது ஆழ்கடலுக்குப் போய் வந்தது, சுருங்கி விரல்நுனியில் மாட்டும் அளவுக்கு ஆகிவிட்டது, ஆனால் வடிவம் கெடவில்லை, மேலே பேனாவால் எழுதிய பெயர்கூடக் குட்டியாகி அப்படியே இருக்கிறது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதை என் மகள் அங்கேதான் புரிந்துகொண்டாள்.

ஆட்களை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும் நம் நாட்டு நீர்மூழ்கி வாகனம் மத்ஸ்யா 6000 பற்றி ஒரே ஒரு பலகை. மூன்று பேர் உட்காரும் 2.1 மீட்டர் டைட்டானியம் கோளத்தை அதே அளவில் செய்து வைத்திருக்கலாம்.

பெரிய குறை, குறிப்புகள் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில். வலை சிக்கும் இடங்களைக் கரையில் தெரியும் மலையையும் சர்ச் கோபுரத்தையும் வைத்தே குறித்துக்கொள்ளும் முட்டம், குளச்சல் மீனவர்களுக்கு இல்லாத கண்காட்சி இங்கே யாருக்கு? அவர்கள் அறிவுக்கும் ஒரு பலகை வேண்டும்.

அப்புறம், ஞாயிறு மாலை போகாதீர்கள், செம கூட்டம்.