ஒரே ஒரு விசை உழைக்க மறுத்தால்: துடைப்பதா, பிடுங்குவதா, வேலையை வேறு விசைக்கு மாற்றுவதா?

என் மடிக்கணினியில் எஃப் விசை வேலை செய்வதை நிறுத்தியது எனக்கு உடனே தெரியவில்லை. நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவன். அதில் புள்ளி வைக்கும் விசை அதுதான். ஆனால் தமிழ்99 சற்றுப் புத்திசாலி. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முன்னதற்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ங்க, ந்த, ம்ப போன்ற இன எழுத்துச் சேர்க்கைகளுக்கும் அப்படியே. எனவே அம்மா, சங்கு, பந்து எல்லாம் ஒழுங்காக வந்தன. 'அவன்' என்று அடித்தது 'அவன' என்று நின்றபோதுதான் விழித்துக்கொண்டேன். அரைப் பக்கத்துக்குச் சொற்களெல்லாம் தலையில் புள்ளி இல்லாமல் கிடந்தன.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. விசையைப் பிடுங்கித் துடை என்றார் ஒருவர். விசைப்பலகையையே மாற்று என்றார் இன்னொருவர். யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றை வாங்கிச் செருகிவிட்டு வேலையைப் பார் என்றார் மூன்றாமவர். மூன்றும் சில நேரங்களில் சரி. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிடிக்கவில்லையென்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிற வழியை முதலில் பார்க்க வேண்டும். திரும்ப முடியாததைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். பெரும்பாலோர் நேர்மாறாக, கையில் கிடைத்த கத்தி முனையால் விசையை நெம்புவதில் தொடங்குகிறார்கள்.

கோளாறு எங்கே?

வழிகளை ஒப்பிடும் முன், கோளாறு விசையில்தானா என்று பார்த்துவிட வேண்டும். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றி அதில் அடித்துப் பாருங்கள். அங்கே எழுத்து வந்தால் விசை நலம். உங்கள் இயங்குதளத்தின் அமைப்பில்தான் சிக்கல். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கவா என்று கேட்கும். தெரியாமல் ஒப்புக்கொண்டுவிட்டால், சட்டென்று தட்டி எடுக்கிற தட்டெல்லாம் கணக்கில் வராது. விசைதான் செத்துவிட்டது என்று நினைத்துக் கணினியைத் திறந்தவர்கள் உண்டு.

இன்னொரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மற்ற எல்லா விசைகளையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். விசைப்பலகைக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. கிடைத் தடங்களும் நெடுக்குத் தடங்களும் குறுக்கே சந்திக்கும் வலை அது. ஒரு தடம் அறுந்தால் அதில் தொங்கும் விசைகள் எல்லாம் சேர்ந்து போகும். ஆகவே மூன்று நான்கு விசைகள் ஒன்றாகப் படுத்துவிட்டால் தூசியைத் தேடிப் பயனில்லை. தடமோ, தாய்ப்பலகைக்குப் போகும் பட்டைக் கம்பியோதான் காரணம். ஒற்றை விசை என்றால் மட்டுமே துடைப்பதா பிடுங்குவதா என்ற கேள்வி எழுகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விசைப்பலகை நடுவில் மேடு தட்டியிருந்தாலோ, தொடுபலகை அழுந்த மறுத்தாலோ, அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கலாம். கணினியை அணைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். அங்கே விசையை நெம்புவது ஆபத்து.

துடைப்பதும் பிடுங்குவதும்

இவை இரண்டும் ஒரே வேலையின் இரண்டு கட்டங்கள் என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பதைப் பார்த்தால் அப்படியல்ல என்று தெரியும். பெரும்பாலான மடிக்கணினிகளில் விசை மூடிக்கு அடியில் கத்தரிபோல் குறுக்கிட்டு மடங்கும் பிளாஸ்டிக் கீல் ஒன்று. அதன் நடுவில் ரப்பர் குமிழ். அதற்கும் அடியில் மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்தடம் அச்சிட்டிருக்கும். நடுத் தாளில் விசைக்கு ஒரு துளை. குமிழ் அழுந்தும்போது மேல் தாள் அந்தத் துளை வழியே வளைந்து கீழ்த் தாளைத் தொடும். எழுத்து பிறப்பது அந்தத் தொடுகையில்.

ஆக, மூடிக்கு அடியில் சிக்கிய துகள் விசை முழுதாக இறங்குவதைத் தடுக்கலாம். அதற்குத் துடைப்பது பலன் தரும். தாள்களுக்கு இடையில் ஈரம் புகுந்து தடம் அரித்துப்போயிருந்தால், மேலே எத்தனை முறை துடைத்தாலும் அங்கே எட்டாது. இந்த வேறுபாட்டை விரலே சொல்லிவிடும். பக்கத்து விசையையும் இதையும் மாறி மாறி அழுத்துங்கள். இது இறுகலாகவோ, மணல் கடித்ததுபோலவோ, பாதியில் நிற்பதாகவோ தோன்றினால் அடைப்பு. மற்ற விசைகளைப் போலவே துள்ளி எழுந்தும் திரையில் ஒன்றும் வராவிட்டால், கோளாறு பெரும்பாலும் தாளுக்குள். என் எஃப் விசை இரண்டாவது ரகம்; அழுத்துவதற்கு அத்தனை சுகமாக இருந்தது.

அடைப்பு என்றால் முதலில் காற்று. கணினியை அணைத்து, மின்கம்பியை எடுத்துவிட்டு, செங்குத்தாக இல்லாமல் ஏறத்தாழ 75 பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்றுக் குப்பியால் விட்டு விட்டு ஊத வேண்டும். ஆப்பிள் தன் மேக்புக்குகளுக்குச் சொல்லும் முறை இது, மற்றவற்றுக்கும் பொருந்தும். குப்பியைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் காற்றுக்குப் பதில் உறைய வைக்கும் திரவம் பீய்ச்சும். வாயால் ஊதுவதை விட்டுவிடுங்கள். அது எச்சிலையும் சேர்த்து அனுப்புகிற வேலை. காற்று போதாமல் பிசுபிசுப்பு தங்கியிருந்தால், 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, மூடியின் விளிம்பைச் சுற்றித் தேய்க்கலாம். 70 விழுக்காட்டுக் குப்பியில் மீதி பெரும்பாலும் தண்ணீர் என்பதால் உலர நேரமெடுக்கும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

இனி பிடுங்குவது. இதன்மேல் எனக்கு நல்லெண்ணம் குறைவு. ஆனால் வேறெந்த வழியும் தராத ஒரு பதிலை இது தரும். மூடியைக் கழற்றிய பின் குமிழின் நடுவில் பென்சில் முனை ரப்பரால் அழுத்துங்கள். எழுத்து வந்தால் தாள் நலம், மூடியோ கீலோதான் குற்றவாளி. அந்த ஒரு விசைக்கான உதிரியைத் தேடினால் போதும். வராவிட்டால் இந்த விசையைப் பற்றிய கேள்வி அதோடு முடிந்தது. ஆபத்தும் சாதாரணமல்ல. கீலின் கொக்கிகள் தலைமுடி தடிமன்தான் இருக்கும். எந்தப் பக்கம் முதலில் விடுபடும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறு. தவறான பக்கம் நெம்பினால் கொக்கி முறிந்து, எழுத்து வராத விசை இருந்த இடத்தில் விசையே இல்லாத குழி மிஞ்சும். ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளுக்கு அடியில் கம்பி ஒன்றும் உண்டு. அதைத் திரும்ப மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும். உதிரி வாங்கும்போதும் எழுத்து ஒன்றாக இருப்பது போதாது, கீலின் வடிவம் ஒத்துப்போக வேண்டும்.

2015 முதல் 2019 வரை வந்த மேக்புக்குகளில் பலவற்றில் கத்தரிக் கீலுக்குப் பதில் பட்டாம்பூச்சி வடிவக் கீல் இருந்தது. துகள் புகுந்தால் விசை முடங்குகிறது என்ற புகார்கள் குவிந்து, 2018இல் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டமே அறிவித்தது. 2019 நவம்பரில் 16 அங்குல மேக்புக் புரோவில் கத்தரிக் கீலுக்குத் திரும்பியது. அந்தப் பழைய மாதிரி உங்களிடம் இருந்தால் காற்றோடு நின்றுகொள்ளுங்கள். மூடியில் கை வைக்க வேண்டாம்.

வேலையை வேறு விசைக்குக் கொடுப்பது

இந்த வழியைப் பலர் ஏமாற்று வேலை என்று ஒதுக்குகிறார்கள். என் கணக்கில், ஒற்றை விசைக் கோளாறுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கருவி தேவையில்லை, எதையும் உடைக்க முடியாது, பிடிக்காவிட்டால் நொடியில் திரும்பலாம். வலப்பக்க ஆல்ட், கேப்ஸ் லாக், இன்சர்ட் என்று விசைப்பலகையில் சும்மா இருப்பவை சில எப்போதும் உண்டு. தமிழில் அடிக்கிறவருக்குக் கேப்ஸ் லாக் எதற்கு?

விண்டோஸில் இதற்கென இரண்டு மென்பொருள்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட்டே தரும் பவர்டாய்ஸில் உள்ள கீபோர்டு மேனேஜர், தேர்ந்தெடுத்த கணமே வேலை செய்யும், மறுதொடக்கம் வேண்டாம். ஆனால் பவர்டாய்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அதன் ஆட்சி. கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரையில் அது கிடையாது. ஷார்ப்கீஸ் வேறு வகை. அது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நிர்வாகி உரிமையும் ஒரு மறுதொடக்கமும் கேட்கும். அதற்குப் பிறகு அது ஓடாமலேயே மாற்றம் நிலைக்கும், நுழைவுத் திரையிலும் செல்லும். கடவுச்சொல்லில் இறந்த எழுத்து இருக்கிறவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதும். சில நாள் ஒப்பேற்றப் பவர்டாய்ஸ், மாதக்கணக்கில் வாழ ஷார்ப்கீஸ் என்பது என் தேர்வு. மேக்கில் காரபைனர் எலிமென்ட்ஸ், லினக்ஸில் கீடி இதே வேலையைச் செய்யும்.

நான் வலப்பக்க ஆல்ட்டை எஃப் ஆக்கினேன். மாற்றம் விசையின் மட்டத்தில் நடப்பதால் தமிழ்99இல் அது புள்ளியாகவும், ஆங்கிலத்தில் எஃப்பாகவும், கன்ட்ரோலுடன் சேர்ந்தால் தேடுபெட்டியாகவும் வந்தது. சில விசை அமைப்புகளில் வலப்பக்க ஆல்ட்டுக்குச் சிறப்பு எழுத்துகளை வருவிக்கும் வேலை உண்டு. அப்படியானால் வேறொன்றைப் பலி கொடுங்கள்.

எல்லை இல்லாமல் இல்லை. எஃப்என் விசை பெரும்பாலான கணினிகளில் இயங்குதளம்வரை வருவதே கிடையாது. அதன் வேலையை இப்படி மாற்ற முடியாது. வட்டிலுள்ள தரவைப் பூட்டி வைக்கும் மறையாக்கத்துக்காக இயங்குதளம் ஏறுமுன்பே கேட்கும் கடவுச்சொல்லுக்கும் இது உதவாது. அங்கே யூஎஸ்பி விசைப்பலகைதான் கதி. ப்ளூடூத் வகை அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் விழித்திருக்காது.

வெளி விசைப்பலகை, திரை விசைப்பலகை

மேசையிலேயே வைத்துப் பயன்படுத்தும் கணினிக்கு வெளி விசைப்பலகை குறையில்லாத தீர்வு. மடியில் வைக்கிறவருக்கு அது சுமை. மடிக்கணினியின் மேலேயே அதைக் கிடத்தி அடிக்கிறவர்கள், கீழே உள்ள விசைகளும் சேர்ந்து அழுந்துவதைச் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். திரை விசைப்பலகை அவசரத்துக்கு மட்டும். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்தால் வரும். நுழைவுத் திரையிலும் மூலையில் உள்ள அணுகல்தன்மைக் குறியிலிருந்து திறக்கலாம். சுட்டியால் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். மறுபடி எழுத மாட்டேன்.

ஒரு நிலையில் மட்டும் வெளி விசைப்பலகை தோற்கும். விசை செத்துப்போகாமல், அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தைக் கொட்டிக்கொண்டிருந்தால், வெளியே எதைச் செருகினாலும் உள்ளே கொட்டுவது நிற்காது. ஷார்ப்கீஸில் அந்த விசையை அடியோடு அணைக்கும் தெரிவு இருக்கிறது. முதலில் அதைச் செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

முழுதாக மாற்றுவது

இதன் கடினம் கணினியின் வடிவமைப்பைப் பொறுத்தது. சில பழைய திங்க்பேடுகளில் அடியில் சில திருகுகளைக் கழற்றினால் விசைப்பலகை கையோடு வந்துவிடும். மெல்லிய புதிய கணினிகள் பலவற்றில் அது மேல் சட்டத்தோடு உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் முனைகளால் இறுகியிருக்கும். அங்கே விசைப்பலகையை மட்டும் மாற்றுவதைவிட மேல் சட்டத்தோடு மாற்றுவதே நடைமுறை. செலவும் அதற்கேற்ப ஏறும். உதிரி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். என்டர் விசை நீளக் கட்டையா, தலைகீழ் எல் வடிவமா, அடியில் விளக்கு உண்டா என்பவை மாறினால் பொருந்தாது. பட்டைக் கம்பியின் பூட்டு மெல்லியது; தூக்கிவிட்டுத்தான் கம்பியை இழுக்க வேண்டும். உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் திருப்புளியை எடுக்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

எனக்கும் கடைசியில் இதுதான் நேர்ந்தது. எட்டு மாதம் வலப்பக்க ஆல்ட்டோடு நிம்மதியாக ஓடியது. பிறகு ஒரே வாரத்தில் ஆர் போனது, அடுத்து வி. மூன்றும் ஒரே தடத்தில் தொங்குபவை என்று அப்போது புரிந்தது. அரிப்பு மெல்ல நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. இனி எத்தனை விசைகளைப் பலி கொடுப்பது? விசைப்பலகையை மாற்றிவிட்டேன். எஃப் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. ஷார்ப்கீஸ் எழுதிய வரியை மட்டும் நீக்கவில்லை. புள்ளியைப் பெருவிரலால் வைப்பது, சுட்டுவிரலால் வைப்பதைவிட எனக்கு வசதியாக இருக்கிறது.