செய்ததை எண்ணும், நினைத்ததை எண்ணாது: வீட்டுவேலைப் பகிர்வுச் செயலி ஒன்றின் மதிப்புரை

வீட்டுவேலைகளைக் குடும்பத்தார் தமக்குள் பிரித்துக்கொள்ள உதவும் செயலி ஒன்றை நானும் என் மனைவியும் ஐந்து மாதங்களாகப் பயன்படுத்திவருகிறோம். ஆண்டுச் சந்தா கட்டியவன் நான். வேலைகளைப் பட்டியலிட்டு, யாருக்கு எது என்று ஒதுக்கி, முடித்ததும் டிக் போட்டால் ஒரு புள்ளி கிடைக்கும். ஞாயிறு இரவு இருவருடைய புள்ளிகளையும் வரைபடமாகக் காட்டும். இரண்டு கைப்பேசிகளிலும் பதிவுகள் உடனுக்குடன் ஒத்துப்போகின்றன, வேகத்திலும் குறையில்லை. தொழில்நுட்பத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

முதல் மாத முடிவில் வரைபடத்தில் நான் முன்னிலையில் இருந்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. என் மனைவி மறுத்து எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அடியில் சாம்பல் நிறத்தில், கண்ணில் படாத அளவில் இருக்கும் 'சேர்த்தவர்' என்ற வரியை மட்டும் தொட்டுக் காட்டினார். 52 வேலைகளில் 47 அவர் சேர்த்தவை. குழந்தைக்குக் காலணி வாங்கி வந்த புள்ளி என் கணக்கில் இருந்தது. பழைய காலணி விரல் நுனியை அழுத்துவதைக் கவனித்தது, அளவெடுத்தது, அந்த அளவு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தது, புதியது கடிக்கிறதா என்று இரண்டு நாள் கழித்துக் குதிகாலைத் தடவிப் பார்த்தது ஆகிய எதற்கும் புள்ளி இல்லை.

சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 35 தம்பதியரிடம் நேர்காணல் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேலையைத்தான் பேசுகிறது. தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது என்று வீட்டின் சிந்தனை உழைப்பை அவர் நான்காகப் பிரிக்கிறார். முடிவெடுப்பதில் இருவரும் ஓரளவு பங்கெடுக்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்ணிடமே தங்கிவிடுகின்றன. இந்தச் செயலியோ இந்த நான்கையும் விட்டுவிட்டு, இடையில் வரும் கைவேலையை மட்டும் எண்ணுகிறது.

இதைவிட என்னை உறுத்தியது 'தானாக ஒதுக்கு' என்னும் வசதி. ஒருவர் முன்பு செய்த வேலைகளைப் பார்த்து, அவருக்கு ஏற்றவை இவை என்று செயலியே அடுத்த வாரத்தைப் பங்கிட்டுவிடுகிறது. ஆகவே சமையலும் குழந்தையின் மருத்துவரைப் பார்ப்பதும் ஒவ்வொரு வாரமும் என் மனைவிக்குப் போயின, குப்பை கொட்டுவதும் கட்டணம் கட்டுவதும் எனக்கு வந்தன. செயலியின் மொழியில் இதற்குப் பெயர் 'உங்கள் விருப்பம்'. 1977-இல் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் எழுதியது நினைவுக்கு வந்தது: ஆண், பெண் கழிப்பறைகளைத் தனித்தனியாக வைக்கும் ஏற்பாடு இயற்கையான வேறுபாட்டின் விளைவுபோல் தோன்றினாலும், உண்மையில் அந்த வேறுபாட்டை மதித்துக் காக்கவும் சொல்லப்போனால் உருவாக்கவுமே அது பயன்படுகிறது என்றார். பழக்கத்தை வாங்கி விருப்பமாகத் திருப்பித் தரும் இந்த வசதியும் அவ்வகையே. அமைப்புகளுக்குள் மூன்று படி இறங்கிப் போனால் இதை நிறுத்தலாம். முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

எல்லா வேலைக்கும் ஒரே புள்ளி என்பதும் கோளாறே. தள்ளிப்போட முடியாத அன்றாடச் சமையலும், மாதம் ஒருமுறை தோன்றினால் செய்யும் விளக்கு மாற்றுதலும் இங்கே ஒரே எடை. வீட்டின் மேல்தளம் மனைவிக்கு, கீழ்த்தளம் கணவருக்கு என்று பிரித்துக்கொண்டு, அதைச் சரிபாதி என்று நம்பிய ஒரு தம்பதியைப் பற்றிச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989-இல் எழுதினார். கணவரின் கீழ்த்தளத்தில் இருந்தவை வண்டிக் கொட்டகையும் நாயும்தான். உலகில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்குச் செலவாகும் மொத்த நேரத்தில் 76.2 சதவீதத்தைப் பெண்கள் தருகிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. அந்தக் கணக்கு மணிகளில் அமைந்தது. செயலியில் நேரத்தைக் குறிக்க இடமே இல்லை.

ஒரு செயலியிடம் எதிர்பார்க்கக் கூடாததும் உண்டு. வீடு கலைந்து கிடக்கும்போது வந்தவர்களின் பார்வை என் மனைவியின் பக்கம்தான் போகிறது. நான் பாத்திரம் தேய்த்தால் பாராட்டு வருகிறது. பாலினம் என்பது ஒருவரிடம் இருக்கும் பண்பன்று, பிறர் எடைபோடுவார்கள் என்று அறிந்து அன்றாடம் செய்துகாட்டுவது என்று சமூகவியலாளர்கள் கேண்டஸ் வெஸ்டும் டான் சிம்மர்மனும் 1987-இல் சொன்னார்கள். அந்த எடைபோடுதலை எந்த மென்பொருளும் மாற்றாது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அதில் ஒன்று அந்தச் சாம்பல் வரிக்காக. இப்போது வேலையின் குறிப்புப் பெட்டியில் கவனித்தவர் பெயரையும் எழுதிவருகிறோம். அதைப் புள்ளியில் சேர்க்கும்படி தயாரிப்பாளர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. சந்தாவைப் புதுப்பிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அது முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பவரும் என் மனைவிதான்.